எழுத்தறிந்த நெருப்பு: ஃபோட்டோஷாப்பில் தாள் கருகுதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சோழர் ஆணைகள் ஓலையிலும் செம்பிலும் கல்லிலும் இருந்தன. திருவாலங்காட்டுச் செப்பேடு மட்டுமே 31 ஏடுகள். அதில் ஓர் ஓரமும் கருகவில்லை, செம்பு கருகாது. ஆயினும் டிடிபி சென்டரில் போய், "அண்ணே, கல்யாணப் பத்திரிகை ராஜா காலத்து லுக்ல வேணும்" என்றால் கிடைப்பது ஓரம் எரிந்த பழுப்புத் தாளே. இம்முரணை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் செய்முறை. வெளிர்பழுப்பு ஒன்று, கரும்பழுப்பு ஒன்று எடுத்து, ஃபில்டரில் ரெண்டர், அதில் கிளவுட்ஸ். கறை மேகம் மேகமாகப் படரும். பிடிக்காவிட்டால் மறுபடி கொடுக்க, வேறு மேகம் வரும். மேலே ஒரு சிட்டிகை நாய்ஸ். ஓரத்தை லாஸோவால் வெட்டுகையில் கை நடுங்க வேண்டும். காபி குடிக்காதவர் இதற்குத் தகார். பின்பு பர்ன் டூல். இதில் தீ ஏதுமில்லை. இருட்டறையில் கைகளைக் குவித்து, இடுக்கு வழியே ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் விட்டுப் படத்தைக் கருமையாக்கிய பழைய போட்டோக்காரர் வித்தை அது. இன்றும் அதன் சின்னம் விரல் வளைத்த ஒரு கைதான். எக்ஸ்போஷரை 100இல் வைப்பவன் கற்றுக்குட்டி. கைதேர்ந்தவர் 15இல் வைத்துத் தேய்தேய் என்று தேய்ப்பார்.

ஓரம் மட்டும் கருகுவது பொய் என்பாரும் உளர். அற்றன்று. மூடிய புத்தகம் தீப்பட்டால் உள்ளே காற்றுப் புகாது, ஓரமே கருகும். தாளிலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பதும் ஓரத்தில்தான் முதலில்.

ஆகவே பிழை ஓரத்தில் இல்லை. இந்தத் தீ படித்திருக்கிறது என்பதே சிக்கல். நான்கு மூலையையும் தின்ற நெருப்பு, மணமகன் பெயருக்குப் பின்னுள்ள பி.இ., எம்.பி.ஏ.வில் ஒரு புள்ளியைக்கூடத் தொடுவதில்லை. முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூஆர் கோடு, யாவும் பத்திரம். ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விளிம்புவரை வந்துவிட, தீ அங்கே மரியாதையாக வளைந்து போயிருந்தது. தாய்மாமனைப் பகைத்துக்கொண்டு கல்யாணம் நடக்காது என்பது நெருப்புக்கும் தெரிகிறது.

தமிழ் ஏடுகளைத் தின்றவை பெரும்பாலும் கறையானும் ராமபாணப் பூச்சியும். ராமபாணத்துக்கு ஓரம், நடு என்ற பேதமில்லை. பாட்டின் நட்டநடுச் சீரைத் துளைத்துக்கொண்டு அடுத்த ஏட்டுக்குப் போய்விடும். உ.வே.சா. ஊர் ஊராகப் பிரதி தேடி அலைந்ததில் அந்த ஓட்டைகளுக்கும் பங்குண்டு.

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் ராமபாண டூல் இதுவரை இல்லை. தேவையும் இல்லை: சின்ன வட்ட பிரஷ், லேயர் மாஸ்க்கில் கருப்பு, நாலு குத்து, அரை நிமிட வேலை. அப்படி ஒரு புரூஃபுக்கு ஓகே சொல்லும் பெண்வீட்டார்தான் இன்னும் அகப்படவில்லை.