பாண்டிக்குப் போனேன், மிளகாய் காயவைக்க

கோலியனூரில் இருந்துகொண்டு "பாண்டிக்குப் போறேன்" என்று சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பல் தெரியாது, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் லேசாக மேலே ஏறும். அடுத்து, "எத்தினி பேரு?" என்பார். எங்கள் ஊரிலிருந்து பாண்டிச்சேரி 30 கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு தூரம் ஒரு ஆண்பிள்ளை கடல் பார்க்கப் போகிறான் என்றால் கூட்டுரோட்டில் டீ குடிக்கிற ஒருவரும் நம்பமாட்டார்.

நான் குடிக்காதவன். அதில் பெருமை ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை அரை டம்ளர் பீர் குடித்துவிட்டு, திரும்பும்போது வளவனூரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதோடு சரி. ஆனாலும் நான் குடும்பத்தோடு பாண்டிக்குக் கிளம்பும் செய்தி தெருவில் பரவியதும், எதிர்வீட்டுக்காரர் காதோரம் வந்து, "அண்ணே, பையில எடம் இருந்தா எனக்கும் ஒண்ணு" என்று ஐந்நூறு ரூபாயைச் சட்டைப்பையில் செருகினார். எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டார். நான் குடிக்காததைவிட, அவருக்கு வாங்கிவராததுதான் அவர் கண்ணில் பெரிய குற்றம்.

இதெல்லாம் என் மச்சானால் வந்தது. மனைவியின் தம்பி டொரண்டோவில் இருக்கிறான். மார்கழியில் ஒருநாள் வீடியோவில் வந்து, "மாமா, இங்க மைனஸ் 15. தாங்க முடியல. ஒரு வாரம் மெக்சிகோ போறோம், கான்குன். பீச்ல சும்மா படுத்துக் கெடக்கப் போறோம்" என்றான். அதைக் கேட்டபோது நான் குரங்குக் குல்லாவும் மேலே ஒரு துண்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். போனில் எங்கள் ஊர்க் குளிரைப் பார்த்தேன். 21 டிகிரி. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் "சும்மா படுத்துக் கெடக்கப் போறோம்" என்ற வார்த்தை மனதில் தங்கிவிட்டது. எனக்கு 52 வயது. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை. டாக்டரும் "ரெஸ்ட் எடுங்க" என்கிறார். குளிர்காலத்தில் வெயில் ஊருக்குப் போய்ச் சும்மா கிடப்பது பெரிய மனிதர்கள் வழக்கம்தானே? பிரான்சின் தெற்கே நீஸ் என்று ஒரு கடற்கரை ஊர். தங்கள் ஊர்ப் பனிக்குப் பயந்த ஆங்கிலேயர்கள் குளிர்காலம் கழிக்க அங்கே போய், 1820களில் தாங்களே பணம் போட்டுக் கடலோரம் ஒரு நடைபாதை அமைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அதற்கு ஆங்கிலேயர் நடைபாதை என்றுதான் பெயர். பிரெஞ்சுக்காரன் ஊரில் ஆங்கிலேயன் போய் நடந்தானே, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊரில் நாம் நடக்கக் கூடாதா என்று மனைவியிடம் வாதாடினேன்.

"நடக்கறதுக்கு எதுக்குங்க ரூம்பு?" என்றாள்.

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

முதலில் அடுத்த குளிர்காலத்தில், 2024 டிசம்பரில் போவதாகத்தான் திட்டம். கேட்டவர்கள் சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நம் பக்கத்துக் கடல் யாரையும் ஓய்வெடுக்க விடாது என்பதை நான் சொல்லும் வேகத்தில் அவர்களும் மறந்துவிட்டார்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. 24 மணி நேரத்தில் அங்கே 48 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் 50 செ.மீ. அறை பிடிக்கப் போன் செய்தபோது அந்தப் பக்கம் எடுத்தவர், "சார், நாங்களே மாடியில நிக்கிறோம்" என்றார். எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். பீரோவின் அடித்தட்டிலிருந்த கல்யாண ஆல்பத்தில் என் முகம் மட்டும் கரைந்துவிட்டது. அவள் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, தை பிறந்து பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள். கல்லூரிப் பையன், "பாண்டிக்கா? உங்களோடயா?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டான். அவன் முகத்திலும் அந்த ஓரச் சிரிப்பைப் பார்த்த மாதிரி இருந்தது. விசாரிக்க வேண்டும்.

வாசலில் அம்மா ஒரு மஞ்சப்பையை நீட்டினார். உள்ளே இரண்டு கிலோ மிளகாய்.

"பனியில நமுத்துக் கெடக்குதுடா. வெயிலுக்குத்தான போறீங்க? ரெண்டு நாளு காயவெச்சு எடுத்தாந்துடு. வந்ததும் மிஷினுக்குக் குடுத்துடலாம்."

கான்குன் போகும்போது மச்சான் கையில் யாரும் மிளகாய் கொடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் அம்மா சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. வெயிலுக்குத்தானே போகிறோம்?

இந்தச் சாலையில் பஸ்ஸில் போவது சின்ன வயதிலிருந்தே எனக்கு வேடிக்கை. வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனை, புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் மறுபடி தமிழ்நாடு. அரியூர், மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டை போட்டு ஓய்ந்தபோது தைத்த ஒட்டுத்துணி. போர்டைப் படிக்கவே வேண்டாம். மதுக்கடை வந்தால் புதுச்சேரி, மறைந்தால் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் கிளம்பியது 1954 நவம்பர் 1-இல். சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். எங்கள் பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினையும் இப்படித்தான், ஆள் வெளியேறி எட்டு வருஷம் கழித்துத்தான் பத்திரம் பதிந்தது. இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் காதில் ஒயர் மாட்டியிருந்ததை வில்லியனூரில்தான் கவனித்தேன்.

பிடித்திருந்த அறைக்கு 'கடல் தெரியும்' என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்தது. கட்டில்மேல் நாற்காலி போட்டு, அதன்மேல் என் மகள் ஏறி நின்றால் அவளுக்குத் தெரிந்தது. எனக்கு அவள் வர்ணிக்கக் கேட்கும் வசதி.

மாலை கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஆறு மணிக்குமேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலையைச் சுற்றி ஊரே நடந்துகொண்டிருந்தது. மகள் கேட்டாள்: "மணல் எங்கப்பா? ஒரே கல்லா இருக்குது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போலத் தொடங்கினேன். நம் கிழக்குக் கரையில் அலை வருஷத்தில் பாதி நாளுக்குமேல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் அங்கேயே நின்றுவிட்டது. மாசம் பிறந்ததும் என் சம்பளம் வீடு வந்து சேருமுன் கூட்டுரோட்டுச் சீட்டுக்காரரிடம் நின்றுவிடுகிறதே, அதுபோல. வடக்கே இருந்த ஊருக்கு வரவு இல்லை, செலவு மட்டும். கடல் இருந்த மணலையும் அரித்துக்கொண்டு போனது. கரையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு 2018-இல் சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அலை வேகம் அங்கே மட்டுப்பட, இதோ பார், கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். மகள் அந்தத் திரும்பி வந்த மணலில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். என் பக்கத்தில் நின்று கேட்டது ஒரு சுண்டல்காரர். "எவ்ளோ சார் வேணும்?" என்றார். மரியாதைக்கு மூன்று பொட்டலம் வாங்கினேன்.

மறுநாள்தான் பெரிய அவமானம். மச்சான் அனுப்பிய படங்களில் கடலுக்குள் சூரியன் இறங்கும் படம் ஒன்று இருந்தது. நாமும் ஒன்று அனுப்ப வேண்டாமா? காலையில் சூரியன் கடலில் எழுந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்; ரெஸ்ட். எனவே மதியம் நாலரைக்கே ஒரு கல்லில் இடம் பிடித்து, கடலை நோக்கிப் போனை நீட்டியபடி உட்கார்ந்தேன். ஐந்தே முக்கால் ஆயிற்று. வெளிச்சம் குறைகிறது, சூரியனைக் காணோம். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் பாட்டியிடம், "அந்த அங்கிள் எதை எடுக்கறாரு?" என்று கேட்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூரியன் என் முதுகுக்குப் பின்னால், கட்டிடங்களுக்கு அப்பால், மேற்கே கோலியனூர் பக்கம் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் 72 வாங்கியவன் நான்.

இதற்கிடையில் மிளகாய். ஞாயிறு காலை விடுதி மொட்டைமாடிச் சாவியை எப்படியோ வாங்கி, என் மனைவி இரண்டு 'தினத்தந்தி'யை விரித்து மிளகாயைப் பரப்பிவிட்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு வெள்ளைக்கார அம்மாள், எழுபது வயது இருக்கும், நாற்காலியில் சாய்ந்து முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடந்தார். மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"பாவங்க, எந்தப் பனி ஊருலேர்ந்து வந்துதோ, இப்படிக் காயுது. தலையில துணியாவது போட்டுக்கச் சொல்லுங்க."

"அவங்க ரெஸ்ட் எடுக்கறாங்கடி."

"வெயில்லயா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் திட்டம். மிளகாயைக் காக்காய் கிளறினால்? அவள் அந்த அம்மாளிடம் போய், மிளகாயைக் காட்டி, வானத்தைக் காட்டி, "கா... கா..." என்று கத்திக் காட்டி, கையை வீசி விரட்டிக் காட்டினாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அந்த அம்மாளோ கண்ணாடியைக் கழற்றி, மிகவும் கவனமாகப் பார்த்து, தலையை ஆட்டினார்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினோம். நான்கு நைட்டி, ஒரு தோசைக்கல், இரண்டு பிளாஸ்டிக் டப்பா, எல்லாம் என் தோளில். மாடியில் அந்த அம்மாள் நாற்காலியை மிளகாய்ப் பக்கம் திருப்பிப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மூங்கில் குச்சி. கண் இரண்டும் நெடியில் சிவந்திருந்தன. மதில்மேல் நான்கு காக்காய்கள், ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. எங்களைப் பார்த்ததும் நான்கு விரல் காட்டி, பிறகு பூஜ்யம் காட்டினார். நான்கு காக்காய், மிளகாய்ச் சேதம் பூஜ்யம் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். மனைவி ஒரு டப்பா நிறைய மிளகாயை அவருக்கே கொடுத்துவிட்டாள். அதை அவர் எந்த ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்தாரோ.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது எல்லையில் சோதனை. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி, பஸ் முழுக்கக் கண்ணை ஓட்டி, நேராக என்னிடம் வந்தார். வாழ்நாளில் எந்தத் தப்பும் செய்யாதவன் முகத்தில் ஒரு திருட்டுக் களை இருக்கும். எனக்கு அது நிறைய. "பையில இன்னா?"

"மிளகாய் சார்."

அந்த ஓரச் சிரிப்பு. "பாண்டிலேர்ந்து மொளகாவா?" கையை ஆழமாக உள்ளே விட்டுத் துழாவினார். பாட்டில் அகப்படவில்லை. கையை எடுத்து, பழக்கதோஷத்தில் கண்ணைத் துடைத்தார். அதற்கப்புறம் அவர் மற்ற யாருடைய பையையும் பார்க்கவில்லை. பின்சீட்டில் இரண்டு இளைஞர்கள் கண்ணாலேயே எனக்கு நன்றி சொன்னார்கள்.

வீட்டில் அம்மா ஒரு மிளகாயை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். விதை பேசவில்லையாம். "கடக்காத்துல எங்க காயும்? நாளைக்கு நம்ம மாடியிலயே போடு."

மறுநாள் லீவு போட்டிருந்தேன், களைப்பு. மொட்டைமாடியில் மிளகாயைப் பரப்பிவிட்டு, கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, கையில் ஒரு குச்சியோடு சாய்ந்தேன். குல்லாவைக் கழற்றினேன். முகத்தில் இளவெயில். எப்போது கண் அசந்ததோ தெரியாது, போன் அடித்தது. மச்சான், வீடியோவில். பின்னால் ஜன்னல் முழுக்கப் பனி.

"அய்யோ மாமா, இன்னும் ரிசார்ட்லயா இருக்கீங்க? வெயில் சூப்பரா இருக்கே! பீச் எங்க, காட்டுங்க?"

"பின்னாடி இருக்குதுடா" என்று சொல்லி, போனைக் கவனமாக வானத்துப் பக்கமே பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒரு காக்கா இறங்கியது.

"கா... கா... அது என்ன சத்தம் மாமா?"

"கடல் பறவைடா" என்றேன், குச்சியைத் தேடிக்கொண்டே.