மௌன ராகமும் மிளகாய் வத்தலும்

எனக்கு ‘மௌன ராகம்’ பிடிக்காது. திருச்சுழியில் ஒரு கல்யாணப் பந்தியில் வாய் தவறாமல், தெளிவாகவே இதைச் சொன்னேன். என் இலையைத் தாண்டிப் பக்கத்து இலைக்குப் போய்விட்டது அப்பளம்.

1986-இல் மணிரத்னம் எடுத்த படம். தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இளையராஜா பாட்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கண்ணைத் திறந்தால்தான் சிக்கல்.

பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க, ரேவதி தோழிகளோடு மழையில் ஆட்டம் போடுகிறார். தமிழ்நாடே சொக்கிப்போன இடம் அது. எங்கள் பக்கத்து ஆளுக்கோ அடிவயிறு பதறும். நாங்கள் மானாவாரிக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏங்க விட்டுவிட்டு, பறித்த மிளகாய்ப் பழத்தைக் களத்தில் காயப்போட்ட பிறகு ஒரு மழை வரும் பாருங்கள்! அப்போது தெருவில் ஓடுகிற பெண்கள் யாரும் ஆடுவதற்காக ஓடுவதில்லை. தார்ப்பாயைத் தேடி ஓடுகிறார்கள். நனைந்து நிறம் கெட்ட வத்தலைக் கமிஷன் கடைக்காரர் ஒரு கை அள்ளிப் பார்ப்பார், பேசாமல் திரும்பச் சாக்கிலேயே போட்டுவிடுவார். அந்த மௌனத்துக்கு ராகம் எதுவும் கிடையாது.

சாமியே எங்கள் கட்சிதான். பிரளயம் பொங்கி வந்தபோது ஈசன் சூலத்தால் தரையைக் குத்தி, வெள்ளத்தைச் சுழித்துப் பூமிக்குள் அனுப்பினார் என்கிறது திருச்சுழி திருமேனிநாதர் கோயில் தலபுராணம். (ஒரு கண்மாய்க்காவது மிச்சம் வைத்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.)

அடுத்து கார்த்திக். காபிக் கடையில் பெண்ணின் அப்பாவை ‘மிஸ்டர் சந்திரமௌலி’ என்று கூப்பிட்டு அவர் செய்யும் அலப்பறைக்கு இன்னமும் சிரிக்கிறார்கள். 32 வருஷம் கழித்து, 2018-இல், அந்தப் பெயரிலேயே கார்த்திக்கும் அவர் மகனும் நடித்து ஒரு படமும் வந்தது. எங்கள் ஊரில் வயசான மனுஷரைப் பேர் சொல்லி, அதுவும் மிஸ்டர் போட்டு, டீக்கடையில் கூவினால் கதை அந்த பெஞ்சிலேயே முடிந்துவிடும். இடைவேளைக்கே வேலை இருக்காது.

என் ஓட்டு மோகனுக்கு. டெல்லிக்குக் கூட்டிப்போய், என்ன வேண்டும் என்று ஆசையாகக் கேட்ட மனுஷனிடம் புதுப் பெண்டாட்டி விவாகரத்து கேட்கிறார். அதையும் பொறுத்துக்கொண்டு, கடைசியில் ஓடும் ரயிலில் தொற்றி ஏறிச் சங்கிலியை இழுத்து நிறுத்துகிறார். அபராதம் கட்டியதும் அவராகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் வீட்டில் வரிசையாக எடுத்துச் சொன்னேன். “ஏங்க, ஒங்களுக்கு ரசனைன்னு ஒண்ணு கெடயாதா?” என்று மனைவி எழுந்து போய்விட்டாள். என் பக்கம் நின்றது பெரியம்மா ஒருத்திதான். டிவியில் மழைப் பாட்டு முடியும்வரை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து கேட்டாள்:

“அந்தப் புள்ள ஆடிட்டுப் போகட்டும்டா. வந்து உக்காந்திருக்காகளே, அவுகளுக்கு யாராச்சும் காப்பித்தண்ணி குடுத்தாகளா?”