தாய்க்கப்பலும் மூன்றரை நிமிடப் பாட்டும்: விழிஞ்ஞத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இளமையில் இருபத்துமூன்று நிமிடப் பாட்டுக் கட்டிய ஒரு புரோக்ரசிவ் ராக் குழு, முப்பதைத் தாண்டியதும் மூன்றரை நிமிடப் பாட்டுக்கு இறங்கி வந்தால் அதை ரசிக்கலாமா? ரசித்ததை நாலு பேர் நடுவில் ஒப்புக்கொள்ளலாமா? இந்தக் கேள்வி தமிழில் முறையாக விசாரிக்கப்படவில்லை. ரசிப்பவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரகசியமாக ரசிக்கிறார்கள். வெறுப்பவர்களோ சத்தமாக வெறுக்கிறார்கள். வழக்கின் அடிப்படை விவரம் இது. 1967இல் இங்கிலாந்தின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ஜெனிசிஸ் குழு, 1972இல் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ தட்டில் ‘சப்பர்ஸ் ரெடி’ என்னும் நெடும்பாட்டைத் தந்தது. 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகினார். 1977இல் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் விலகினார். எஞ்சிய மூவர் ‘பிறகு மூவர் இருந்தனர்’ என்று பொருள்படும் பெயரிலேயே 1978இல் ஒரு தட்டு போட்டார்கள். 1986இல் அவர்களுடைய ‘இன்விசிபிள் டச்’ பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அன்றிலிருந்து மூத்த ரசிகர்கள் துக்கம் காக்கிறார்கள். ‘புரோக்ரசிவ்’ என்பதைத் தமிழாக்கினால் ‘முற்போக்கு’ என்று வரும். முன்னே போவதையே பெயராக வைத்துக்கொண்ட இசை 1975க்குப் பிறகு ஓரடிகூட முன்னே போகக் கூடாது என்பதுதான் இந்த முற்போக்காளர்களின் ஒரே கோரிக்கை.

ரசிக்கலாமா என்ற கேள்விக்கு விடை இலண்டனில் இல்லை, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தில் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்து, பாண்டியரும் சோழரும் மாறி மாறிக் கண்வைத்த இந்தக் கடற்கரையில் கரைக்கு அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழம் உண்டு. சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தொலைவில்தான் போகிறது. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற 300 மீட்டர் நீளக் கப்பல் இங்கே முதல் கன்டெய்னர் கப்பலாக வந்து அணைந்தது. 2025 ஜூனில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளமும் 24,346 பெட்டிகளின் கொள்ளளவும் கொண்ட எம்.எஸ்.சி. ஐரினா வந்தது. இத்தனை பெரிய தாய்க்கப்பல் எல்லாத் துறைமுகங்களுக்கும் போக முடியாது. ஆழம் போதாது, தரை தட்டும். ஆகவே அதன் பெட்டிகளை இறக்கி, சிறிய ஃபீடர் கப்பல்களில் ஏற்றி, ஆழம் குறைந்த துறைகளுக்கு அனுப்புகிறார்கள். டிரான்ஷிப்மென்ட் என்பது இவ்வளவுதான். சரக்கு மாறுவதில்லை, மாறுவது கப்பல். ‘சப்பர்ஸ் ரெடி’ தாய்க்கப்பல், ‘இன்விசிபிள் டச்’ ஃபீடர். தாய்க்கப்பல் வராத ஊர்க்காரனும் சரக்கைக் கண்ணால் பார்த்தானே என்று மகிழ்வதை விட்டு, ஃபீடர் சின்னதாக இருக்கிறது என்று துறைமுகத்தில் யாரும் அழுவதில்லை.

தொல்லியல் சான்றும் கைவசம் உள்ளது. விழிஞ்ஞத்தில் 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. ஒரே அறை, அதற்குள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிவனும் பார்வதியுமாகச் சில புடைப்புச் சிற்பங்கள், அவற்றில் ஒன்று ஆடற்கோலம். எல்லாமே பாதி செதுக்கி விடப்பட்டவை. பாறைக்குள் வீணை என்பதால் ராக் இசையின் பிறப்பிடம் இதுவே என்று நிறுவும் ஆசை ஆய்வாளனுக்கு எழாமல் இல்லை, அடக்கிக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது வேறு. தட்சிணாமூர்த்தி மௌனத்தில் பாடம் நடத்தும் ஆசான். உள்ளறையில் அமர்ந்து, நுட்பமாக, சிலருக்கு மட்டும் வாசிக்கிறார். வெளியே, வழிப்போக்கர் எல்லோரும் பார்க்க, அவரே ஆடுகிறார். இரண்டும் ஒரே கோயில். உள்ளே இருப்பவர் அசல், வெளியே ஆடுபவர் காசுக்கு விலைபோனவர் என்று எந்தப் பக்தரும் சொன்னதில்லை. எதிர்த்தரப்புக்கு ஒரு சலுகை மட்டும் தரலாம்: வெளியே உள்ள வேலை முடிக்கப்படவில்லை. பிற்கால ஜெனிசிஸிலும் அப்படிச் சில பாட்டுகள் உண்டு.

மூன்றரை நிமிடம் என்ற அளவு கலைவீழ்ச்சியின் அடையாளம் அல்ல, பெட்டியின் அளவு. துறைமுகத்தில் இருபதடி, நாற்பதடி என்று பெட்டி இருப்பதுபோல, 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் அடங்கியது. உலகம் முழுக்கப் பாட்டு அந்தப் பெட்டிக்குள் உட்காரப் பழகிக்கொண்டது. கர்நாடக இசையிலும் இதே கதைதான் நடந்தது. பல்லவி ஒன்றையே மணிக்கணக்கில் விரித்த காலத்துக்குப் பின், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணம், சிறு சிறு கிருதிகள், நடுவே ஒரு கனமான உருப்படி, கடைசியில் துக்கடாக்கள் என்று கச்சேரியை அடுக்கினார். டிக்கெட் வாங்கி வந்த சபா ரசிகனின் பொறுமையை அளந்து செய்த அடுக்கு அது. அதை இன்று ‘சம்பிரதாயம்’ என்கிறோம். ஐயங்கார் செய்தால் சம்பிரதாயம், ஜெனிசிஸின் ஃபில் காலின்ஸ் செய்தால் சரிவு என்பதற்கு இசையியலில் விளக்கம் கிடையாது. இன்னொரு புரோக்ரசிவ் ராக் குழுவான யெஸ் இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது. 1983இல் வந்த அவர்களுடைய தட்டின் பெயர் ‘90125’. அது அந்தத் தட்டின் பட்டியல் எண். பெட்டியின் எண்ணையே பெயராக ஒட்டி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்த ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று திறந்து பார்ப்பதே நேர்மையான ஆய்வு. 1980இல் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்த ஜெனிசிஸின் ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பாமரப் பாட்டுப்போலக் கூட்டம் தலையாட்டும். ஆனால் சரணத்தில் எண்ணிப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 13 எண்ணிக்கை. நம் முப்பத்தைந்து தாளங்களில் 13 அட்சரத்துக்கு உரியது சங்கீர்ண ஜாதித் திரிபுடை; அதன் பெயர் போகம். காசுக்குப் பாடிய பாட்டு போக தாளத்தில் அமைந்தது தற்செயல்தான் என்றாலும், ஆய்வாளனுக்கு இப்படிப்பட்ட தற்செயல் வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும். மூத்த ரசிகர்கள் பெரிதும் வெறுப்பது எண்பதுகளின் அந்த ‘டும்’ என்று வெடித்துச் சட்டென்று அறுந்துபோகும் டிரம் ஒலியை. அது பிறந்த இடம் எது? 1980இல் வந்த பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனித்தட்டு. டிரம் வாசித்தவர் காலின்ஸ், ஒலிப்பதிவாளர் ஹியூ பட்கம், சிம்பலைத் தொடவே கூடாது என்று கட்டளையிட்டவர் கேப்ரியல். ஆக, வணிகத்தின் முத்திரை என்று தூற்றப்படும் ஒலி, தூயவர் என்று போற்றப்படுபவரின் வீட்டுச் சமையல். 1986 ஜூலையில் ‘இன்விசிபிள் டச்’ பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கியதும் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’தான். ஞானி என்று ஊர் மதித்தவரும் அதே சந்தையில், அடுத்த கடையில்தான் உட்கார்ந்திருந்தார். ஜெனிசிஸில் நெடும்பாட்டும் ஒழிந்துவிடவில்லை. 1983இன் ‘ஹோம் பை த சீ’ இரண்டு பகுதியும் சேர்ந்து 11 நிமிடம், 1986இன் ‘டாமினோ’ 10 நிமிடம், 1991இன் ‘வி கான்ட் டான்ஸ்’ தட்டில் பத்து நிமிடப் பாட்டு இரண்டு. சின்னப் பாட்டு ஈட்டிய கூலியில்தான் பெரிய பாட்டு பயணம் செய்தது.

இதே சரக்குமாற்றம் கேரளக் கரையிலும் நடந்திருக்கிறது. அதற்கு மட்டும் யாரும் துக்கம் காக்கவில்லை. கொச்சியின் மதர்ஜேன் 1996இல் தொடங்கிய புரோக்ரசிவ் ராக் குழு (தாய்க்கப்பல் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை ஆய்வாளனே சூட்டியிருக்க முடியாது). அங்கே கிதார் வாசித்த ரெக்ஸ் விஜயன், 2003 வாக்கில் உருவான மலையாள ராக் குழுவான அவியலில் முதன்மையானவர். பிறகு ‘சாப்பா குரிசு’, ‘மாயாநதி’ என்று சினிமாவுக்கு இசையமைத்தார். தைக்குடம் பிரிட்ஜ் ராக் குழுவின் கோவிந்த் வசந்தா 2018இல் ‘96’ படத்துக்கு இசையமைத்தபோது தமிழ்நாடே கண்ணைத் துடைத்துக்கொண்டது. ராக்கைக் கைவிட்டாரே என்று அழுதவர் எவரும் இல்லை. ‘ரோஜா’வுக்கு முன் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்த ரகுமானுக்கும் நாம் அந்தப் பாவத்தை மன்னித்துவிட்டோம், அல்லது அப்படி ஒரு குழு இருந்ததையே மறந்துவிட்டோம். இவர்கள் ‘சினிமாவுக்குப் போனவர்கள்’. யெஸ் குழுவின் அந்த 1983 அணி, பழைய பாடகர் ஜான் ஆண்டர்சன் திரும்பி வரும்வரை தங்களுக்கு வைத்திருந்த பெயரும் ‘சினிமா’தான். உலக வழக்கு ஒன்றாகவே இருக்கிறது.

மீன்பிடித் துறைமுகமும் உள்ள விழிஞ்ஞத்தை முன்வைத்து எழுதும்போது மீனைப் பற்றிச் சொல்லாமல் நகர்வது முறையல்ல. யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயருக்கும் மரில்லியன் குழுவின் பாடகருக்கும் ‘ஃபிஷ்’ என்றே பட்டப்பெயர். இருவருக்கும் குளியல் தொட்டியில் நெடுநேரம் கிடக்கும் வழக்கத்தால் வந்தது என்பார்கள். தைக்குடம் பிரிட்ஜின் தொடக்ககாலப் பாட்டு ‘ஃபிஷ் ராக்’. இவற்றால் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் மரில்லியனின் 1985 வெற்றிப் பாட்டு ‘கேலி’, இடைவெளியில்லாமல் ஓடும் ஒரு முழுநீளப் படைப்பிலிருந்து இறக்கிய ஒரு பெட்டி என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வாதங்களில் எளியது, ‘காசுக்காகச் செய்தார்கள்’ என்பது. ‘ஃபாக்ஸ்ட்ராட்’ கோயில் பிரசாதமாக விநியோகிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை. அதுவும் கடையில் விலைக்குத்தான் கிடைத்தது. கனமான எதிர்வாதம் வேறு: மாற்றி ஏற்றும்போது கடலில் விழுந்ததற்கு யார் பொறுப்பு? ஹாக்கெட்டின் கிதார் விழுந்தது, உண்மை. சிவப்புக் கவுன் போட்டு நரித்தலை மாட்டிக்கொண்டு மேடையேறிய கேப்ரியலின் கோமாளித்தனமும் விழுந்தது. அந்த இழப்பு சிறிதல்ல. ஜெனிசிஸின் 1983ஆம் ஆண்டு ‘இல்லீகல் ஏலியன்’ போன்ற பெட்டியைச் சுங்கத்துறை தடுத்து வைப்பதே நியாயம். குடியேறிகளின் பேச்சைக் கேலி செய்யும் அந்தப் பாட்டுக்கு வாதாட இந்தக் கட்டுரை தயாரில்லை. துறைமுக உவமையின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. துறைமுகத்தை எதிர்த்து விழிஞ்ஞத்து மீனவர்கள் 2022இல் மாதக்கணக்கில் போராடினார்கள். கரை அரிப்பில் வீடு போனது அவர்களுக்கு உவமை அல்ல. மூன்றரை நிமிடப் பாட்டு யார் வீட்டையும் கடலுக்குள் இழுக்கவில்லை. வேண்டாதவன் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடலாம்.

கடைசிச் சாட்சி, சென்னை ஐ.ஐ.டி. 1991இல் விழிஞ்ஞத்தில் நிறுவிய 150 கிலோவாட் அலைமின் நிலையம். அதன் அறைக்குள் அலை ஏறும்போது காற்று வெளியே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். அதிலிருந்த வெல்ஸ் டர்பைனோ காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும். நல்ல ரசிகனின் இலக்கணம் இதுவே என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. ஏற்காதவர்கள் மறுப்பு எழுதலாம், தடையில்லை. எழுதும் முன் ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’ சரணத்தைப் போட்டுவிட்டு, 13 எண்ணிக்கையில் கைத்தாளம் பிசகாமல் நான்கு ஆவர்த்தனம் போட்டுக்காட்ட வேண்டும்.