உதவிக்கு வந்தவன் ஊருக்கு எப்பம் போவான்?

ஏலே பேராண்டி, நீ பரீட்சைக்கு உரக்கப் படிக்கும்போது திண்ணையில கெடக்க எனக்கும் காது இருக்குல்லா? 'ஸ்பெயினிடமிருந்து கியூபாவை அமெரிக்கா விடுவித்தது, 1898'னு நாலு தரம் சொல்லிட்ட. மார்க்குக்கு அது போதும். ஆனா கிழவன் சொல்லுதத ஓரத்துல எழுதி வச்சுக்கோ. உதவிக்கு வந்தவன்ட்ட எதுக்கு வந்தேன்னு கேக்காத. அந்தப் பதில அவன் மடியில கட்டிக்கிட்டுத்தான் வந்திருப்பான். எப்பம் போவேன்னு கேளு.

எனக்கு எப்படித் தெரியும்ங்கியா? நானே உதவிக்குப் போனவம்லே. உன் பாட்டியோட அண்ணன் தோப்புல களவு சாஸ்தின்னு நாலு நாள் காவலுக்குப் போனேன். ஆறு வருசம் அவன் தென்னையில எளநி குடிச்சேன். அமெரிக்காக்காரன் மனசு எனக்கு அவனப் பெத்தவளவிட நல்லாத் தெரியும்.

கியூபாவுல ஸ்பெயின்காரன் செஞ்ச கொடுமை பொய்யில்ல. பட்டிக்காட்டுச் சனத்தையெல்லாம் முகாம்ல அடைச்சு, பட்டினியிலயும் நோயிலயும் சாக விட்டான். அந்த நேரம் பாத்து 'மெய்ன்'ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் ஹவானா துறைமுகத்துல வந்து நின்னுச்சு. 1898 பிப்ரவரி 15 ராத்திரி அது வெடிச்சு 260 பேருக்கு மேல செத்தாங்க. விசாரணை முடியட்டும்னு நியூயார்க் பேப்பர்காரன் காத்துக்கிட்டா இருப்பான்? ஸ்பெயின்காரன் வச்ச வெடின்னு கொட்டை எழுத்துல போட்டு வித்துட்டான். 1976-ல அவுக கடற்படை அட்மிரல் ரிக்கோவரே ஆள வச்சு ஆராய்ஞ்சு, கப்பலோட கரிக்கிடங்குல தானாப் பத்துன தீ பக்கத்து வெடிமருந்துக்குப் போயிருக்கும்னு சொன்னாரு. ஈர வைக்கோல அமுக்கிப் படப்பு போட்டா உள்ளுக்குள்ளயே கனிஞ்சு பத்திக்கிடும்னு நம்ம மாடு மேய்க்கிற பயலுக்குக்கூடத் தெரியும். ஆனா படப்பு பத்துன அன்னைக்கு எவன் அதப் பேசுவான்? பக்கத்துக் காட்டுக்காரன் மேலதான் பிராது போகும்.

சண்டைக்குப் போகுமுன்ன அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சத்தியப் பத்திரம் எழுதுச்சு. டெல்லர்னு ஒரு செனட்டர் கொண்டுவந்த திருத்தம். கியூபாவ நாங்க வச்சுக்கிட மாட்டோம், அமைதி திரும்புனதும் அந்தச் சனத்துட்டயே விட்டுருவோம்னு. நல்ல பத்திரம்தான். ஆனா பத்திரத்துல எழுதுனத வாசிக்கிறவன் அரை வக்கீலு. எழுதாம விட்டத வாசிக்கிறவன்தான் முழு வக்கீலு. போர்ட்டோ ரிக்கோ பேரு அதுல கெடையாது. குவாம் கெடையாது. பிலிப்பைன்ஸ் கெடையாது. பந்தியில உக்காந்து 'எனக்குப் பாயாசம் மட்டும் வேண்டாம்'ங்கிறவன் எலையில வடை எத்தனைன்னு எண்ணிப் பாரு.

குவாம் கதையக் கேட்டா சிரிப்ப. ஜூன் 20-ம் தேதி 'சார்லஸ்டன்'ங்கிற கப்பல் அந்தத் தீவுக் கோட்டையப் பாத்து பீரங்கி வெடிச்சுது. பதில் வெடியே இல்ல. கொஞ்ச நேரத்துல ஸ்பெயின் அதிகாரிக படகுல வந்து, 'எங்களுக்கு மரியாதை வேட்டு போட்டிய. திருப்பிப் போட எங்கட்ட மருந்து இல்ல, மன்னிச்சுக்கிடுங்க'ன்னானுவ. சண்டை தொடங்கி ரெண்டு மாசம் ஆச்சுங்கிற சேதியே அவுகளுக்கு வந்து சேரல. மறுநாள் ஆளுநரையே கைதியாக் கப்பல்ல ஏத்தியாச்சு. வேட்டுச் சத்தம் கேட்டா, கல்யாணமா எழவான்னு கேட்டுட்டு வாசலுக்குப் போலே.

மணிலா கதை இன்னும் விசேசம். மே 1-ம் தேதி டூயிங்கிற தளபதி அந்த விரிகுடாவுல ஸ்பெயின் கப்பல் படைய ஒரு காலையில முடிச்சுட்டான். ஹாங்காங்ல கெடந்த பிலிப்பைன்ஸ் தலைவர் அகினால்டோவ அமெரிக்கக் கப்பல்தான் கூட்டியாந்து எறக்குச்சு. அந்த மனுசன் ஜூன் 12-ல சுதந்திரம்னு அறிவிச்சு, மணிலாவச் சுத்தி வளைச்சு நின்னாரு. உள்ள இருந்த ஸ்பெயின்காரனும் வெளிய நின்ன அமெரிக்காக்காரனும் பெல்ஜியம் தூதர நடுவுல வச்சு ரகசியமாப் பேசி முடிச்சாங்க. 'நீ சுடுத மாதிரி சுடு, நான் தோக்குத மாதிரி தோக்கேன், உள்ளூர்க்காரன மட்டும் கோட்டைக்குள்ள விட்டுராத.' ஆகஸ்ட் 13-ல கூத்து நடந்துச்சு. அதுலயும் ஒரு கூத்து: முந்தின நாளே வாஷிங்டன்ல சண்டைய நிறுத்திக் கையெழுத்து ஆயிட்டு. சேதி சொல்ல வேண்டிய தந்திக் கம்பிய மே மாசமே அறுத்துப் போட்டவன் அந்த டூயிதான்.

டிசம்பர் 10-ல பாரிஸ்ல ஒப்பந்தம். பிலிப்பைன்ஸுக்கு வெலை 2 கோடி டாலர். அகினால்டோ அனுப்புன அகோன்சில்லோ அம்புட்டுத் தூரம் போயும் பேச்சுவார்த்தையில எடம் இல்லன்னுட்டாங்க. மாட்டுத் தரகன் துண்டுக்கடியில வெரலப் பிடிச்சு வெலை பேசுனாலும், மாடு பக்கத்துலயாவது நிக்கும். இங்க அதுவும் இல்ல.

வாங்குன கையோட அதிபர் மெக்கின்லி, 'அன்போட எங்களோட சேத்துக்கிடுதோம்'னு அறிக்கை விட்டாரு. 1899 பிப்ரவரி 4-ல அந்த அன்பு துப்பாக்கி வழியா வந்துச்சு. மூணு வருசத்துக்கு மேல நடந்த சண்டையில 4,200-க்கு மேல அமெரிக்கனும் 20,000-க்கு மேல பிலிப்பைன்ஸ் வீரனும் செத்தான். பஞ்சத்துலயும் நோயிலயும் அடிதடியிலயும் செத்த சாதாரண சனம் 2 லட்சம் வரைக்கும் இருக்கும்ங்காங்க. இதச் சொல்லும்போது கிழவனுக்குக் கேலி வரல, விடு.

எதுக்குடா அம்புட்டுத் தூரம் போனான்? காரணம் கரிடா. அந்தக் காலக் கப்பல் கரியிலதான் ஓடும். ஆலையில செஞ்சு குமிச்ச சரக்க சீனாவுல விக்கணும்னா, வண்டிமாட்டுக்குத் தண்ணி காட்ட வழியில எடம் வேணும். ஹவாய், குவாம், மணிலா: படத்த விரிச்சு வெரல வச்சுப் பாரு, ஒவ்வொரு தொட்டியாத் தெரியும். மஹான்னு ஒரு கடற்படைக்காரரு 1890-லயே இதப் புத்தகமா எழுதிட்டாரு.

ஹவாய்ல 1820-ல வேதம் சொல்ல ஆள் வந்துச்சு. அதுல ஒருத்தரு ஏசா தர்ஸ்டன். அவரு பேரன் லோரின் தர்ஸ்டன் 1887-ல ராசாவ மெரட்டிப் புதுச் சட்டத்துல கையெழுத்து வாங்குனான். துப்பாக்கி மொனைச் சட்டம்னே அதுக்குப் பேரு. 1893 ஜனவரில, அமெரிக்கர் உசுரையும் சொத்தையும் காக்கன்னு 'பாஸ்டன்' கப்பல்ல இருந்து 162 பேர் எறங்கினாங்க. அதுல பெரும்பாலான ஆளுக எங்க நின்னாங்க தெரியுமா? அமெரிக்கர் வீட்டு வாசல்ல இல்ல, ராணி லிலியுவோகலானி அரண்மனைக்குப் பக்கத்துல. காவலுக்குப் போனவன் எங்க கட்டில் போடுதான்னு பாரு, சோலி வெளங்கிரும். நான் போட்டது தென்னைக்கடியில.

அமெரிக்காவோட எங்களச் சேக்காதீங்கன்னு 21,000-க்கு மேல ஹவாய் சனம் கையெழுத்துப் போட்டு 1897-ல மனு அனுப்புச்சு. சேத்துக்கிடுத ஒப்பந்தத்துக்கு செனட்ல மூணுல ரெண்டு பங்கு கெடைக்கல. மறுவருசம் பாதிக்கு மேல ஒரு ஓட்டு இருந்தாப் போதும்ங்கிற கூட்டுத் தீர்மானம் போட்டு எடுத்துக்கிட்டாங்க. வாசல் பூட்டியிருந்தா சன்னல் எதுக்கு இருக்கு?

அமெரிக்காவுலயும் மானமுள்ளவங்க இருந்தாங்க, அதையும் சொல்லணும். மார்க் ட்வெய்ன், கார்னெகி மாதிரி ஆளுக எதிர்த்து நின்னாங்க. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு செனட்ல 56 ஓட்டு வேணும், விழுந்தது 57.

சரி, அந்தச் சத்தியப் பத்திரம்? காப்பாத்துனான்லே! கியூபாவ வச்சுக்கிடல. ஆனா 1901-ல பிளாட்னு இன்னொரு செனட்டர் பேருல ஒரு திருத்தம்: தேவைப்பட்டா நாங்க உள்ள வருவோம், கப்பல் நிறுத்த எடமும் தரணும். அத உங்க அரசியல் சட்டத்துல எழுதுனாத்தான் எங்க படை கெளம்பும்னான். 1903-ல குவாண்டனாமோ குத்தகைக்குப் போச்சு. வருசத்துக்கு 2,000 டாலர், தங்கக் காசாக் கணக்கு. 1934-ல புது ஒப்பந்தம்: ரெண்டு பேரும் சம்மதிச்சாலோ, அமெரிக்காவே காலி பண்ணுனாலோதான் குத்தகை முடியும்.

எம் மச்சான் ஏழாம் வருசம் ஊரக் கூட்டிட்டான். நான் கட்டிலத் தூக்கிட்டு வந்தேன். அமெரிக்காக்காரனுக்கு ஊர் கூட்ட ஆள் இல்ல. குத்தகை இப்பம் வருசத்துக்கு 4,085 டாலர். செக்கு வருது, 1959-க்குப் பொறவு கியூபா அத மாத்துறதில்ல. கப்பல் இன்னும் அங்கதான் நிக்கு.