இலை போட்டாச்சு, கேளுங்க!

போன வாரம் போகிற போக்கில், "கிழங்குக்குத்தான் மரியாதை, மஞ்சள் இலைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று எழுதிவிட்டேன். இலைக்கு ஏகப்பட்ட ஆள் இருப்பது தபால் வந்த பிறகு தெரிந்தது. இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

கடையில் 'மஞ்சள் இலை எண்ணெய்' என்று 10 மில்லி பாட்டில் விற்கிறார்கள். 'குர்குமின் நிறைந்தது' என்று லேபிள் சொல்கிறது. நம்பலாமா?
– லேபிள் படித்தே வாங்கும் வாசகி, திருப்பூர்

லேபிள் எழுதியவர் சிறுகதை எழுதப் போயிருக்க வேண்டியவர். இலையை நீராவியில் வைத்து வடித்துத்தான் இந்த எண்ணெயை எடுக்கிறார்கள். நீராவி ஒன்றும் கிடைத்தவர்களையெல்லாம் அடைத்துக்கொண்டு போகிற ஷேர் ஆட்டோ இல்லை. எடை பார்த்துத்தான் ஏற்றும். இலையின் வாசனைக்குக் காரணமான ஃபெலாண்ட்ரீனின் மூலக்கூறு எடை 136. அது துள்ளி ஏறிவிடும். குர்குமினின் எடை 368. அது சட்டியோடு உட்கார்ந்துவிடும். ஆகவே வடித்த எண்ணெயில், அது இலையிலிருந்து வந்தாலும் சரி, கிழங்கிலிருந்து வந்தாலும் சரி, குர்குமினைத் தேடாதீர்கள். இலை எண்ணெய் நிறமில்லாமலோ வெளிறிய மஞ்சளாகவோதான் இருக்கும். உங்கள் பாட்டிலில் பளீரென்று மஞ்சள் தெரிந்தால், வேறு எண்ணெயில் மஞ்சள்தூளை ஊறப்போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்லவர்களாக இருந்தால்.

அப்படியானால் இலை எண்ணெயில் என்னதான் இருக்கிறது? தாய்க் கிழங்கின் குணம் பிள்ளைக்கு வராதா?
– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கும்பகோணம்

தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள், சார். கிழங்கு எண்ணெயில் டர்மெரோன்களின் ராஜ்ஜியம். மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தால் வருகிற அந்தக் கனத்த மண்வாசனை அவற்றால்தான். இலையில் பெரும்பாலும் ஆல்ஃபா ஃபெலாண்ட்ரீன், டெர்பினோலீன், பாரா சைமீன், சினியோல். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சையும் மிளகும் பச்சைப் புல்லும் கலந்த மாதிரி இருக்கும். ஒரே செடிதான், ஆனால் மேல்மாடியில் ஒரு குடித்தனம், கீழ்த்தளத்தில் வேறு குடித்தனம்.

தொல்லை என்னவென்றால், மேல்மாடியில் யார் பெரியவர் என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. சில ரகங்களில் பாதிக்கு மேல் ஃபெலாண்ட்ரீன். சிலவற்றில் டெர்பினோலீன் முந்திக்கொள்கிறது. ரகம், மண், இலையின் வயது, பச்சையாக வடித்தார்களா உலர்த்தி வடித்தார்களா, எல்லாமே கணக்கு. "மஞ்சள் இலை எண்ணெய் இந்த நோயைத் தீர்க்கும்" என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த மஞ்சள், எந்த இலை?" என்று நீங்கள் ஆரம்பியுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முகத்தில் தடவினால் முகம் மஞ்சளாகுமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஆகாது. விலையைக் கேட்டால் வெளுக்கும். பழைய பாட்டிலாக இருந்தால் சிவக்கவும் கூடும்; காற்றுப்பட்டுக் கெட்ட வாசனை எண்ணெய்கள் தோலில் அரிப்பைக் கிளப்பும்.

ஏனுங்க, எங்க மஞ்சக்காட்டில் அறுவடைக்கு முன்னால் தாளை அறுத்து அப்படியே கொளுத்திவிடுகிறோம். அதில் எண்ணெய் எடுத்தால் காசாகுமா?
– மூன்று ஏக்கர் மஞ்சள்காரர், கொடுமுடி

இந்த வாரத்தின் மிக முக்கியமான கேள்வி உங்களுடையதுதான் அண்ணா. கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

வைகாசி, ஆனியில் நட்டு, தை, மாசியில் வெட்டுகிற பயிர். வெட்டும் சமயத்தில் தாள் பழுத்துச் சருகாகத் தொடங்கியிருக்கும். எண்ணெயோ பச்சை இலையில்தான் தாராளம். சரி, பச்சையிலேயே அறுத்துவிடலாம் என்றால் கிழங்குக்குச் சோறு ஊட்டுகிறதே அந்த இலைதான். கிழங்கு பெருக்கிற மாதத்தில் இலையைக் கழித்தால், வாசனைக்கு ஆசைப்பட்டு மூட்டையைக் குறைத்த கதையாகிவிடும். ஆக, கிழங்கு முற்றி, தாள் முழுக்கக் காயாத அந்தக் கொஞ்ச நாள் இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கிறது. அதே நாட்களில்தான் ஆள் பிடிக்க வேண்டும், வெட்ட வேண்டும், வேகவைக்க வேண்டும். இதற்கு நடுவில் தைலமும் காய்ச்சுவது யார்?

அடுத்து, அளவு. நூறு கிலோ பச்சை இலையை வடித்தால் ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறாது. இலையோ பாரம் குறைவு, இடம் அதிகம். ஈரோடு வரை லாரியில் ஏற்றினால் வாடகைக்கே வாசனை போய்விடும். நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறவர்கள் கொட்டகையை இலை இருக்கும் இடத்திலேயே போடுகிறார்கள் பாருங்கள், அந்த வழிதான் சரி. ஊருக்குப் பொதுவாக ஒரு வடிகலன், வருஷத்தில் மற்ற மாதங்களில் எலுமிச்சைப் புல்லோ வேறு ஏதோ காய்ச்ச ஏற்பாடு என்றால் யோசிக்கலாம். ஆனால் முதலில் வாங்குகிறவரைக் கண்டுபிடியுங்கள், பிறகு அண்டாவை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரும் புகழும் கிழங்குக்குத்தான். இலை எண்ணெய்க்கு அப்படிக் கூப்பிட்டு விலை சொல்கிற மண்டி இன்னும் வரவில்லை.

கொளுத்துவதை மட்டும் விட்டுவிடலாம். மண்ணில் மூடாக்காகப் போட்டால் காசு வராது. ஆனால் புகையும் வராது.

மஞ்சள் இலையில் வைத்து வேகவைத்த கொழுக்கட்டை மருந்து என்கிறார் என் மாமியார். பலகாரத்துக்கு மருந்து வேஷம் எதற்கு?
– மங்களூரில் வாழ்க்கைப்பட்ட மதுரைக்காரி

உங்கள் மாமியார் சொல்வது பத்தோளிதானே? அரிசி மாவை இலையில் பூசி, தேங்காயும் வெல்லமும் வைத்து மடித்து அவிப்பது. கோவா முதல் மங்களூர் வரை நாகபஞ்சமி வந்தால் சந்தையில் மஞ்சள் இலையைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். (கொடுமுடி அண்ணா, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

சித்த மருத்துவத்தில் மூலிகையை வாலையில் இட்டு வடிப்பதைத் தீநீர் என்பார்கள். நம் ஓமவாட்டர் அந்த வம்சம். உங்கள் மாமியாரின் இட்லிப் பானையும் ஒரு குட்டி வாலைதான். அடியில் தண்ணீர், நடுவில் இலை, மேலே மூடி. ஒரே வித்தியாசம், இங்கே வாசனையைப் பிடிக்கக் குழாய் கிடையாது, கொழுக்கட்டை பிடித்துக்கொள்கிறது. இந்தோனேசியாவில் மினாங்கபாவ் மக்கள் ரெண்டாங் கறியில் மஞ்சள் இலையைப் போட்டு மணிக்கணக்கில் சுண்டவைப்பதும் இதே ரகசியம்தான். அதை மருந்து என்பது மிகை. ஆனால் மாமியாரிடம் அதைச் சொல்லி ஆகப்போவது என்ன? இன்னொன்று எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இலை எண்ணெய் பற்றி உருப்படியான ஆராய்ச்சி ஏதாவது நம் பக்கம் நடந்திருக்கிறதா, எல்லாம் வாட்ஸ்அப் பல்கலைக்கழகம்தானா?
– சந்தேகராமன், சென்னை-33

நடந்திருக்கிறது. கோழிக்கோட்டில் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்கொண்டது ஒரு நிஜமான வில்லனை: ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பச்சைப் பூசணமாகப் படரும். அது கக்குகிற அஃப்ளாடாக்சின் ஈரலுக்கு எமன், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். மஞ்சள் இலை எண்ணெய் ஒரு சதவீதம் கலந்த ஊடகத்தில் இந்த நஞ்சு 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒன்றரை சதவீதத்தில் அறவே இல்லை.

கைதட்டுங்கள். பிறகு கொஞ்சம் கணக்கும் போடுங்கள். நூறு மில்லிக்கு ஒன்றரை மில்லி வாசனை எண்ணெய் என்பது சின்ன அளவில்லை. கடலைச் சட்னியில் அந்த அளவு ஊற்றினால் பூசணம் வராது, சாப்பிட ஆளும் வராது. எனக்குத் தோன்றுவது, இந்த இலைக்கு வேலை காத்திருப்பது மருந்துக்கடையில் இல்லை, தானியக் கிடங்கில். மூட்டைக்கு நடுவே ஆவியாகப் பரவவிடுவதோ, உறைக்குள் பூசுவதோ, அந்த வழியில் போனால் பலன் உண்டு. நோயாளிக்குக் கொடுத்துக் குணப்படுத்துவதைவிட, நோய் தருகிற கடலை அவர் வாய்க்குப் போகாமல் தடுப்பதும் வைத்தியம்தானே?

ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களைக் கொன்றதாமே?
– ஃபார்வர்டு செய்யும் பெரியப்பா, சேலம்

கண்ணாடித் தட்டில் கிடக்கும் செல்லைச் சோப்புத் தண்ணீரும் கொல்லும், பெரியப்பா. கூட இருக்கும் நல்ல செல்லை விட்டுவைக்குமா, வயிற்றையும் ஈரலையும் தாண்டிப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் வரும் வரை ஃபார்வர்டு பட்டனுக்கு ஓய்வு கொடுங்கள்.

மஞ்சள் குடும்பத்தில் வேறு எந்த இலையாவது மருந்தாகப் பேர் வாங்கியிருக்கிறதா?
– செடிப் பைத்தியம், ஏற்காடு

குடும்பம் பெரிது, இஞ்சி, ஏலம், அரத்தை, கச்சோலம், மாங்காய் இஞ்சி எல்லாம் பங்காளிகள். இலையால் பேர் எடுத்தது என்றால் நம் சித்தரத்தைக்கு ஒன்றுவிட்ட சொந்தமான அல்பீனியா செரும்பெட். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சங்குக் கொத்துப் போலப் பூக்கும், உங்கள் ஊர்த் தோட்டங்களில் அழகுக்கு வைத்திருப்பார்கள். ஜப்பானின் ஒகினாவாவில் அரிசிக் கொழுக்கட்டையை இதன் இலையில் சுற்றி அவிக்கிறார்கள். உலகம் முழுக்க மாமியார்கள் ஒரே மாதிரி.

பிரேசிலில் நாட்டு வைத்தியர்கள் இந்த இலையைக் கஷாயமாக ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்துவந்தார்கள். அங்குள்ள விஞ்ஞானிகள் இலை எண்ணெயை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது ரத்த அழுத்தம் இறங்கத்தான் செய்தது. அதில் டெர்பினென்-4-ஆல் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு. பிறகு பக்கவாதத்துக்குப் பின் இறுகிப்போன தசைகளில் எண்ணெயைப் பூசியும் மனிதர்களிடம் சிறிய அளவில் சோதித்தார்கள். இறுக்கம் தளர்ந்ததாகச் சொன்னார்கள். சிறிய சோதனைதான். ஆனாலும் பாட்டி சொன்னதை எலியிடம் கேட்டு, எலி சொன்னதை நோயாளியிடம் கேட்டு, படிப்படியாக ஏறியிருக்கிறார்கள். நம் மஞ்சள் இலை இன்னும் முதல் படியில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது.

சளிக்கு இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடிக்கலாமா? குழந்தைக்கும் தரலாமா?
– இளம் தாய், விழுப்புரம்

இந்த ஒரு பதிலில் மட்டும் சிரிப்பு கிடையாது. வேண்டாம், அம்மா. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இலையில் இருக்கும் அதே சினியோலை ஜெர்மனியில் சைனஸ், மூச்சுக்குழாய் அழற்சிக்கு மாத்திரையாகத் தருவது உண்மை. ஆனால் அது சுத்தமாகப் பிரித்து, அளந்து, குடலில் போய்க் கரைகிற உறைக்குள் அடைத்து, மனிதர்களிடம் சோதித்த மருந்து. பாட்டிலில் இருப்பது அது அல்ல. யூகலிப்டஸ் தைலத்தையோ கற்பூரத்தையோ குழந்தைகள் தெரியாமல் விழுங்கி வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் நிறைய. ஒரு தேக்கரண்டியே ஆபத்து. இலையைச் சமையலில் போடுவது வேறு, அதன் சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது வேறு. பாட்டில் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள்.

கொசு?
– தூங்காதவன், வியாசர்பாடி

2001-இல் தாய்லாந்தில் மஞ்சள் எண்ணெயோடு ஐந்து சதவீதம் வெனிலின் கலந்து சோதித்தார்கள். எட்டு மணி நேரம் வரை கொசு அண்டவில்லை. வெனிலின் எதற்கு என்றால், ஓடிப்போகிற வாசனையைக் காலில் கயிறு கட்டி நிறுத்த. கயிறு இல்லாமல் வெறும் எண்ணெயைத் தடவினால் நீங்கள் தூங்குவதற்குள் அது கிளம்பிவிடும். கொசு கிளம்பாது.

மஞ்சளுக்கு அமெரிக்கா காப்புரிமை வாங்கிய மாதிரி இலைக்கும் வாங்கிவிட்டால்?
– தேசபக்தர், தூத்துக்குடி

1995-இல் கொடுத்தார்கள், காயத்துக்கு மஞ்சள் போடுவது புதுக் கண்டுபிடிப்பு என்று. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் கொண்டுபோய்க் காட்டி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. இலைக்கு அந்தக் கவலை வந்தால் முதலில் நான் சந்தோஷப்படுவேன். யாரோ ஒருவர் அதைத் திரும்பிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீட்டில் மஞ்சள் செடி உண்டா?
– மயிலாப்பூர் மாமி

மாடியில் இரண்டு தொட்டி. ஆனால் தை இரண்டாம் தேதி விடியற்காலையில் கனுப்பிடி வைக்க இலை கேட்டு நீங்களும் உங்கள் சிநேகிதிகளும் வந்துவிடுகிறீர்கள். ஏழு மணிக்குச் செடி மொட்டை. கிழங்கு சுண்டுவிரல் கனத்துக்கு மேல் வந்ததே இல்லை, மாமி.