கொல்லைப்புறப் பெர்ஹிலித்தான்

கேமரன் மலையின் கியா பார்மில் அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. குரலையும் கழற்றி வைக்க வேண்டும். "மெல்லப் பேசுங்க, பின்னால தூங்குறாங்க" என்பார். பேரப்பிள்ளை வந்திருக்கிறதாக்கும் என்று நாமும் பூனைபோல் நடந்து போவோம். போய்ப் பார்த்தால், தூங்குவது பின்சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு அந்துப்பூச்சி.

மலேசியாவில் வனவிலங்கு இலாகாவுக்குப் பெர்ஹிலித்தான் என்று பெயர். அந்த இலாகாவில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இருந்தாலும் எங்களுக்கெல்லாம் அவர்தான் பெர்ஹிலித்தான். அவருடைய ஆட்சிப் பரப்பு சமையலறைக் கதவிலிருந்து சரிவு தொடங்கும் இடம்வரை, அகலத்தில் பத்தடி, நீளத்தில் இருபதடி. அதற்குள் ஒரு காட்டு வாழைக் கூட்டம், ஒரு பப்பாளி, பெயர் தெரியாத புதர்கள், உடைந்த ஒரு மண்சட்டியில் தண்ணீர். இதைத்தான் அவர் "ரிசர்வ்" என்பார். அவருடைய மனைவி "குப்பைமேடு" என்பார். இரண்டும் ஒரே இடம்தான்.

இப்படி ஒருவர் ஈப்போவிலும் இருப்பார், கிள்ளானிலும் இருப்பார். ஆனால் கியா பார்மில் இருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். பள்ளி விடுமுறை விட்டால் இயற்கையைப் பார்க்க நாடே இங்கே கிளம்பி வருகிறது. பிரிஞ்சாங்கிலிருந்து இங்கே வரும் சின்னத் தூரத்தை ஒரு மணி நேரம் ஊர்ந்து கடக்கிறது. அத்தனை நேரமும் முன்னால் நிற்கும் காரின் நம்பரைப் பார்க்கிறது. பிறகு ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், ஒரு கள்ளிச்செடி வாங்கிக்கொண்டு, "காத்தே காத்துதான்" என்று மெச்சிவிட்டுத் திரும்புகிறது. ஒருமுறை கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்று வண்டியை நிறுத்தி, "அங்கிள், இங்க காடு எங்க இருக்கு?" என்று கேட்டது. மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் வீட்டுக்குப் பின்னால" என்றார்.

வேலையில் இருந்த காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். கொழுந்து எடுப்பவர்களை விரட்டுவது, புல்லுக்கு மருந்து அடிக்க ஆள் அனுப்புவது, நிரைக்கு நடுவே ஒரு களை தலைகாட்டினால் அதற்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிப்பது என்று முப்பது வருசம் ஓடிவிட்டது. அந்த முப்பது வருசமும் புல்லை ஒழிக்கச் சம்பளம் வாங்கினார். இப்போது புல்லைக் காப்பாற்ற ஏச்சு வாங்குகிறார். "என்னண்ணே, பாவ விமோசனமா?" என்று கேட்டேன். "பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல தம்பி. முதுகு வலிக்குது, குனிய முடியல. வெட்டாம விட்டேன். மறு வருசம் பார்த்தா, யார் யாரோ குடிவந்துட்டாங்க" என்றார். இயற்கைப் பாதுகாப்பு பற்றி இவ்வளவு நேர்மையான விளக்கத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைக்கு வந்தார். கண்டதைச் சொன்னாரே தவிர, வரைபடத்தில் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை என்பார்கள். மலைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, இடத்தைத் தேடிப்பிடிக்கப் பின்னால் வந்தவர்கள் திண்டாடினார்கள். எங்கள் பெர்ஹிலித்தான் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். கண்டது எல்லாம் 555 புத்தகத்தில் ஏறிவிடும். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பைக்குள் அடங்கும் அதே புத்தகம். அரிசி, சீனி, மத்தி டின் எழுத வேண்டிய கோட்டில், "வெள்ளிக்காது 6, பப்பாளி பாதி" என்று இருக்கும். வெள்ளிக்காது அவர் வைத்த பெயர். கறுத்த தலை, கன்னத்தில் வெள்ளித் திட்டு, இறக்கையில் சிவப்பு, நெஞ்சில் மஞ்சள் என்று கல்யாணப் பெண் கோலத்தில் கூட்டமாக வரும் பறவை. அழகாகப் பிறந்த குற்றத்துக்காக அதைப் பிடித்துக் கூண்டில் போட்டு விற்பவர்கள் உண்டு. இவர் வீட்டில் கூண்டே கிடையாது. "தோட்டத்துல லயத்து வீட்டுல முப்பது வருசம் இருந்துட்டு வந்தவன் நான். கூண்டு பத்தி எனக்கா சொல்றே?" என்பார்.

இலாகா என்றால் உள்தகராறு இல்லாமல் இருக்குமா? அந்துப்பூச்சி விஷயத்தில் அது வெடித்தது. மலைக் குளிரில், பனி இறங்கிய இரவில் பின்கட்டு விளக்கைப் போட்டால் பூச்சிகள் சுவரை மூடிவிடும். அட்லஸ் அந்துப்பூச்சியும் வரும். இறக்கை விரித்தால் 25 சென்டிமீட்டர் வரை போகும். இதற்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துக்கொண்டு சில நாள் வாழ்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுப் போய்விடும். "வந்த விருந்தாளியில இது ஒண்ணுதான் எனக்குச் செலவு வைக்காதது" என்று அவருடைய மனைவியே ஒத்துக்கொண்ட ஜீவன். பிரச்சினை விடியற்காலையில் வரும். விளக்கடியில் பூச்சி கிடக்கும் என்று தெரிந்த சிரிப்பான் பறவைகள் வெளுக்கும் முன்பே பசியாற வந்துவிடும். பறவையைக் காப்பதா, பூச்சியைக் காப்பதா? ஐந்தரை மணிக்குக் கம்பளிக் குல்லாயோடு எழுந்து, பூச்சிகளை ஒவ்வொன்றாகப் புதருக்குள் மாற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே சிரிப்பான்கள் கூச்சல் போட்டன. ஒரு வாரம் இரண்டு கட்சிக்கும் நியாயம் செய்து பார்த்தவர், கடைசியில் விளக்கையே அணைத்துவிட்டார். பூச்சி அதன் வழியே போனது, பறவை புதரில் மேய்ந்தது. இருட்டில் வாளியில் இடறிய மனைவிதான் மூன்று நாள் நொண்டினார். ரிசர்வ் வரலாற்றில் அது ஒன்றுதான் உயிர்ச்சேதத்துக்குப் பக்கத்தில் போன சம்பவம்.

வெளியுறவு இன்னும் சிக்கலானது. சரிவுக்குக் கீழே பிளாஸ்டிக் கூரைக்குள் ஸ்ட்ராபெரி போட்டிருக்கும் சீனத் தவுக்கே ஒருநாள் மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் கொத்துப்பட்ட பழம்.

"லூ புன்யா புரோங் மாக்கான் சாயா புன்யா ஸ்ட்ராபெரி!"

உன் பறவை என் பழத்தைத் தின்றுவிட்டது என்று குற்றச்சாட்டு. பெர்ஹிலித்தான் பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகு அடையாளத்தை அளந்தார். "சின்னான்" என்றார் தமிழில். பிறகு மலாய்க்கு மாறி, அது தன் பறவை இல்லை, ஆண்டவன் பறவை என்றார். தவுக்கேயின் நிலம் அப்போது வருசா வருசம் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக அனுமதியில் இருந்தது. இவர் வீடு வாடகைக்கு. "உங்கிட்டயும் பட்டா இல்ல, எங்கிட்டயும் இல்ல. அதுகிட்ட மட்டும் கிராண்ட் கேட்டா எப்படி?" என்று கேட்டதும் தவுக்கே சிரித்துவிட்டார். பக்கத்து நிரைகளுக்கு வலை கட்டுவது, கொல்லை ஓரமாக மருந்து அடிக்கும்போது முன்கூட்டியே சொல்வது என்று ஒப்பந்தம் ஆனது. கொத்துப்பட்ட பழத்தை இருவருமே பங்கு போட்டுத் தின்றார்கள். அப்படிச் சாட்சிப் பொருள் அழிந்தது.

பேரன் ஒருநாள் கைப்பேசியில் காட்டினான். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு இப்போது உலகம் முழுக்க ஆண்டுதோறும் பிப்ரவரியில் 4 நாள் நடக்கிறது. 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணினால் போதும். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில்கூட எண்ணுகிறார்கள். "தாத்தா, நீங்களும் அனுப்பலாம்!" அவர் முகம் மாறியது. "பதினைஞ்சு நிமிசமா? தோட்டத்துப் பெரட்டுல பேர் கூப்பிடவே அரை மணி ஆகும்!" என்றார். மறுநாள் காலை ஆறரைக்கு உட்கார்ந்தவர் பத்தரைக்குத்தான் எழுந்தார். ஒரு சின்னான் இரண்டு தடவை வந்து போனதாகச் சந்தேகம். இரட்டைப் பெரட்டு போட்டு ஏமாற்றும் ஆள்களை முப்பது வருசம் பார்த்தவர் அல்லவா?

எல்லாவற்றுக்கும் சிகரம் பங்குனியில் நடந்த விருந்து. மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இலை போட்டுச் சாப்பாடு என்று ஒரு மாதமாகப் பேச்சு. இலைக்கா பஞ்சம்? கொல்லையிலேயே வாழை. விருந்தன்று காலை கத்தியோடு போன மனைவியை அவர் இரு கையையும் விரித்து மறித்தார்.

"ஏங்க, நகருங்க. நேரமாச்சு."

"இந்த இலைல ஆள் இருக்கு."

இருந்தது உண்மைதான். நீண்டு வளைந்த அலகோடு வாழைப்பூவில் தேன் குடிக்கும் சிலந்திபிடிப்பான், அவர்கள் வீட்டில் ஊசிமூக்கு. வாழைப்பூவை வாழையின் இதயம் என்று சொல்லும் மலாய்க்காரர்கள் அந்த இதயத்தின் பேரையே பறவைக்கும் சூட்டி, கெலிச்சாப் ஜாந்தோங் என்பார்கள். இலையின் அடிப்பக்கத்தில் கூட்டை வைத்து, சிலந்தி நூலால் இலையைக் குத்திக் குத்தித் தைத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் சட்டைக்குப் பித்தான் தைத்தது போல வரிசையாக வெள்ளை முடிச்சு. சரி, மற்ற இலைகளை வெட்டலாமே? "அதெல்லாம் அதுக்குக் கூரை. கூரையப் பிரிச்சா மழை நேரா மேல விழும்." கத்தி திரும்பி வந்தது. தாப்பாவில் சொல்லி இலை வரவழைக்க நேரமில்லை. வருங்காலச் சம்பந்திகள் காகிதத் தட்டில் சாம்பாரை அணைகட்டிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தாத்தா மட்டும் தட்டையும் மறந்து, சமையலறை ஜன்னலில் நின்று கடைசிவரை வாழையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் முடிந்தது அவரால்தான் என்று பெர்ஹிலித்தான் இன்றும் சொல்கிறார்.

அன்று இரவு மனைவி 555 புத்தகத்தைப் பிடுங்கி, அழுத்தமான எழுத்தில் ஒரு வரி எழுதினார்: "ஊசிமூக்கு – வாழை இலை, பூரா கட்டு. பாக்கி." கடன் புத்தகம் முதன்முதலாகக் கடன் எழுதப் பயன்பட்டது. ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது.

போன வாரம் அவர் வீட்டில் தே தாரிக் ஆறட்டும் என்று அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாக்கிக்குக் கீழே அதே கையெழுத்து, ஆனால் பொடியாக, யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுபோல:

"காலை 7.10. ரெண்டு குஞ்சும் வெளியே வந்தாச்சு. அவர் தூங்குறார். எழுப்பல."