சிப்பி டயல் மஞ்சளிப்பியல்: ஒரு துணிபுரை

முத்துச்சிப்பி டயல் வைத்த கைக்கடிகாரம் நாளடைவில் மஞ்சள் பாரிக்குமா என்னும் வழக்கு, கல்யாணத்துக்குக் கடிகாரம் வாங்கிய குடும்பங்களில் தீராமல் கிடக்கிறது. வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்தது என்பது கட்டியவர் கட்சி. அப்போதே இப்படித்தான் என்பது பணம் கொடுத்தவர் கட்சி. சாட்சிக்குக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் அதுவே மஞ்சளாகியிருக்கிறது. ஆகவே ஆல்பம் சான்றாகாது என்க.

சாயமெல்லாம் வெளுக்கும், சிப்பியின் நிறமும் சாயமே, ஆதலின் மாறும் என்பர் ஒருசாரார். அற்றன்று. மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கு பருமனுள்ள அரகோனைட் என்னும் சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கடுக்காகக் கிடக்க, அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியே இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஓடுகிறது. இல்லாத சாயம் எங்ஙனம் வெளுக்கும்? கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைக்கும், ஏறத்தாழ 7 கோடி ஆண்டு பழைய அம்மோனைட் என்னும் கடலுயிரியின் ஓடுகள் இன்றும் மினுங்குகின்றன. ஜப்பானின் நாரா நகரில், ஷோசோயின் கருவூலத்திலுள்ள 8-ஆம் நூற்றாண்டுப் பீவா என்னும் நரம்பிசைக் கருவியில் பதித்த சிப்பியும் அப்படியே. எந்தக் கடிகாரக் கடையும் இவ்வளவு காலத்துக்கு வாரன்டி எழுதித் தருவதில்லை.

அற்றேல் மஞ்சள் எங்கிருந்து வந்தது எனின், தகடுகளைப் பிணைக்கும் புரதம் வயதாகிச் சற்றே பழுக்கும். அது சிப்பியில் நூற்றுக்கு ஐந்தளவே, பெருங்குற்றவாளிகள் வெளியாட்கள். சுமார் 0.2 மில்லிமீட்டருக்குச் சீவிய சிப்பி தனியே நில்லாது, உலோகத் தட்டில் ஒட்டுவார்கள். அந்தப் பசை மஞ்சளாகும், மேலே வார்னிஷ் பூசியிருந்தால் அதுவும். இவ்வளவு மெல்லிய சிப்பி ஒளியை மறைக்காது; அடியிலுள்ள அழுக்கையும் காட்டிக்கொடுக்கும். ரோஸ், நீல டயல்கள் பெரும்பாலும் சாயம் ஏற்றியவை. அவை வெளுத்தால் சிப்பியைத் திட்டலாகாது.

கறையின் இடத்தையும் நோக்குக. 3-ஆம் எண்ணருகே தொடங்கினால், சாவித் திருகு வழியே தண்ணீர் புகுந்தது என்று கொள்க. பேட்டரி மாற்றும்போது அத்திருகின் ரப்பர் வளையத்தையும் மாற்றாத சிக்கனத்தின் பலன் இது. எலுமிச்சைச் சாற்றால் டயலைத் துடைக்கும் கைவைத்தியமோ இதனினும் கொடிது: அமிலம் சிப்பியின் சுண்ணாம்பைக் கரைக்கும்; மஞ்சளோடு மினுக்கமும் போகும்.

ஆக, மூடி இறுக்கமாக இருக்கும் கடிகாரத்தில் சிப்பி குற்றமற்றது என்பது துணிபு. டயலை மாற்றியே ஆகவேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், முதலில் மேலேயுள்ள கண்ணாடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கடிகாரங்களில் அது பிளாஸ்டிக். மஞ்சளாவது பலநேரம் அதுதான்.